டவுன் நூலகத்துக் கணினியும் நம் பிள்ளைகளும்

(பரிசளிப்பு விழாவில் பெற்றோர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை. வர இயலாதவர்களும் படிக்கும் பொருட்டு மலரில் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொன்னார்கள். கல்வி சிறந்தது என்பதில் இந்த மண்டபத்தில் யாருக்கும் ஐயமில்லை. ஐயம் இருந்திருந்தால் நீங்கள் இந்த வெயிலில் வந்து தகரக் கூரைக்கடியில் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஆகவே தலைமையாசிரியரின் அனுமதியோடு வேறு ஒரு செய்தியைப் பேச வந்திருக்கிறேன். டவுன் நூலகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்களே கணினிகள், அவற்றைப் பற்றிய செய்தி.

சென்ற ஆண்டு அங்கே அடுத்தடுத்துச் சில காரியங்கள் நடந்தன. பெரிய பையன்கள் சிலர் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருப்பதில்லை. படிப்பதற்கல்ல, விளையாடுவதற்கு. விசைப்பலகையில் எழுத்துக் கட்டைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். மூலையில் இருந்த கணினியில் பார்க்கத் தகாத படம் ஒன்று திறந்தபடியே கிடக்க, அடுத்துப் போய் உட்கார்ந்த சின்னப் பிள்ளை பயந்து எழுந்து ஓடி வந்தது. கடைசியாக, நம் பள்ளி ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் மின்னஞ்சலிலிருந்து வெளியேறாமல் எழுந்து வந்துவிட்டாள். அடுத்து உட்கார்ந்தது யாரோ, அவள் பெயரிலேயே அவளுடைய தோழிகளுக்கு அசிங்கமாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அதை எழுதியவள் அவள் அல்லள் என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளை பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. வீட்டில் அடி, வகுப்பில் ஏச்சு.

இதற்கெல்லாம் நூலகம் கண்ட வழி என்ன தெரியுமா? வாசலில் ஓர் அறிவிப்பு. பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கணினியைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். மூன்று மணி நேரம் விளையாடிய பெரிய பையன்கள் இன்றும் உட்கார்ந்து விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள்தான் வெளியே நிற்கிறார்கள்.

நூலக ஊழியர்களைக் குறைகூற நான் வரவில்லை. புத்தகம் கொடுப்பது, வாங்குவது, அடுக்குவது, உறுப்பினர் சேர்ப்பது, கழிவறைக் குழாய் உடைந்தால் ஆள் கூப்பிடுவது என்று இரண்டு பேர் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எது சுலபமோ அதைச் செய்தார்கள். ஆனால் சுலபமான வழி யார் தலையில் விழுகிறது என்று நாம் பார்க்க வேண்டும் அல்லவா?

டவுனில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே கணினி உண்டு. நம் லயத்தில் எத்தனை வீட்டில் உண்டு? 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த மாதங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதில் மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் படித்தார்கள். அப்பா வேலைக்குப் போகும்போது கைப்பேசியும் சட்டைப்பையில் போய்விடும். நானே இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்த வீட்டுப்பாடங்களைத் திருத்தியிருக்கிறேன். அந்த நிலைமை முழுதும் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் அவரை ஒரு நாள் நம் தோட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நம் பிள்ளை பெரிய திரையில், முழு விசைப்பலகையில், பத்து விரலாலும் தட்டிப் பழக வேண்டுமானால் பள்ளிக்கூடத்தை விட்டால் அந்த நூலகம்தான். வாசலில் தடுத்தால் அந்தப் பிள்ளை வேறு எங்கே போகும்?

இதில் எனக்கு வருத்தம் தந்தது நூலக அறிவிப்பு மட்டுமன்று. அந்த மாணவி விவகாரத்துக்குப் பிறகு நம் பெற்றோர்கள் சிலர் என்னிடம் வந்து, "டீச்சர், இனிமே எம் புள்ள அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே போவ வேணாம்னு சொல்லிட்டேன், நீங்களும் சொல்லிடுங்க," என்றார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது.

நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் லயத்துக்குப் பொதுவாக ஒரு குழாய் இருக்கும். அந்தக் குழாயடியில் நடக்காத சண்டையா? ஒருவர் குழாயைத் திறந்துவிட்டுப் போய்விடுவார், ஒருவர் நாலு வாளியை வரிசையில் வைத்து இடம் பிடிப்பார், ஒருவர் அங்கேயே துணி துவைப்பார். அதற்காகக் குழாயைப் பிடுங்கிவிட்டார்களா? வாளிக்கு வரிசை வைத்தார்கள். துவைக்க வேறு இடம் காட்டினார்கள். பார்க்கிறவர்கள் கண்டித்தார்கள். தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும் என்ற எண்ணம் இருந்ததால் வழி கண்டுபிடித்தார்கள்.

கணினிக்கும் வழி உண்டு. முதலாவது நேர அளவு. ஆள் காத்திருக்கும்போது ஒருவருக்கு அரை மணியோ ஒரு மணியோ என்று வைத்து, நேரம் முடிந்ததும் கணினி தானாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்யலாம். அதற்கென்றே மென்பொருள் இருக்கிறது. "எழுந்திரு தம்பி" என்று ஊழியர் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, சண்டையும் வராது.

இரண்டாவது, கணினியை வைக்கும் இடம். இதற்குக் காசே செலவில்லை. தகாத படம் கிடந்தது எந்தக் கணினியில்? மூலையில், அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்காருகிறவர் முதுகு கூட வெளியில் தெரியாத கணினியில். அதே கணினியை ஆள் நடமாடும் வழியில், ஊழியர் மேசையிலிருந்து பார்வை படும்படி திருப்பி வைத்தால் பாதித் தொல்லை அன்றே தீரும். திரையில் உள்ள கடிதத்தை யாரும் எட்டிப் படிக்க வேண்டாம். நாலு பேர் நடக்கிற இடம் என்ற உணர்வு இருந்தால் போதும்.

மூன்றாவது, கணினியின் பழைய நிலையை மீட்கும் ஏற்பாடு. 'டீப் ஃபிரீஸ்' என்று ஒரு மென்பொருள், பல நாட்டுப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பயன்படுகிறது. கணினி எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு முறை அதில் உறைய வைத்துவிட்டால், அதன் பிறகு யார் எதை மாற்றினாலும், எந்த விளையாட்டை ஏற்றினாலும், கணினியை அணைத்துப் போட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நம் பாட்டன் காலத்துச் சிலேட்டு மாதிரி. எழுதியது எல்லாம் துடைத்த துணியோடு போய்விடும்.

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். சிலேட்டில் எழுதிய வீட்டுப்பாடமும் துணியோடு போய்விடும்! இரண்டு பக்கம் கட்டுரையைத் தட்டி அந்தக் கணினியிலேயே சேமித்துவிட்டு, மறுநாள் போய் "காணோம் டீச்சர்" என்றால் நான் என்ன செய்வது? எழுதியதை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டு எழுந்திருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அணைத்துப் போட்டால்தான் சிலேட்டு துடைக்கப்படும். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் இடையில் யாரும் அணைக்காவிட்டால், முன்னவர் திறந்து வைத்தது திறந்தபடியே இருக்கும். நம் மாணவிக்கு நடந்தது இதுதான். அவள் கெட்ட பிள்ளையல்லள், கவனக்குறைவான பிள்ளையும் அல்லள். மேலே மூலையில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெருக்கல் குறியைத் தட்டுவது கதவைச் சாத்துவது. 'வெளியேறு' என்பதைத் தேடித் தட்டுவதுதான் பூட்டுவது. சாத்திய கதவை அடுத்து வருகிறவர் தள்ளினால் திறந்துகொள்ளும். கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கணினி கேட்கும்போது 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். அது உங்கள் கணினியன்று, உங்கள் சாவியை அதனிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

பிறர் திறந்து வைத்துவிட்டுப் போனதைக் கண்டால் என்ன செய்வது? வெளியேற்றிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். படிக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட அவர் பெயரில் ஒரு சொல் எழுதாதீர்கள். நம் நாட்டில் 1997-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் தகவலுக்குள் நுழைவதையே குற்றமாக வகுத்து, அதற்கு 50,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. பிள்ளைகளைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அந்த மாணவிக்குச் செய்தது குறும்பு என்று சிலர் சொன்னார்களே, அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனிப் பெரியவர்களுக்கு. ஊழியர் சேமநிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும், அரசாங்க உதவித்தொகைக்கு மனுச் செய்யவும் உங்களில் பலர் அதே கணினிக்குத்தான் போகிறீர்கள். எழுதப் படிக்கத் தடுமாறும் சிலர், பக்கத்தில் இருக்கும் பையனைக் கூப்பிட்டு, அடையாளக் கார்டையும் கடவுச்சொல்லையும் அவன் கையில் கொடுத்து, "நீயே பாத்துச் சொல்லு தம்பி" என்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என்னிடம் வாருங்கள், அல்லது உங்கள் பிள்ளையையே கூட்டிப் போங்கள்.

கணினிக்குள் மென்பொருள் எவ்வளவு காவல் காத்தாலும், வெளியில் ஒருவன் வேலையைக் காட்ட முடியும். 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செஷயர் வட்டாரத்தில் வில்ம்ஸ்லோ, ஹேண்ட்ஃபோர்த் என்ற இரண்டு ஊர்களின் பொது நூலகங்களில் என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? விசைப்பலகையின் வடம் கணினியின் பின்புறத்தில் சொருகியிருக்கும் அல்லவா, அந்த வடத்துக்கும் கணினிக்கும் நடுவில் கட்டைவிரல் அளவில் ஒரு சிறு கருவியை யாரோ சொருகி வைத்திருந்தார்கள். நாம் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது தனக்குள் பதிவு செய்துகொள்ளும். வைத்தவன் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போனால், அந்தக் கணினியில் உட்கார்ந்த அத்தனை பேரின் கடவுச்சொல்லும் அவன் கையில். நூலகத்தார் அதற்கு எடுத்த நடவடிக்கையைப் பாருங்கள். கணினிகளை மூடவில்லை. விசைப்பலகை வடத்தைப் பின்னால் சொருகாமல், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி முன்பக்கத்தில் சொருகச் சொன்னார்கள். எவ்வளவு சின்ன மாற்றம்! நீங்களும் உட்காருவதற்கு முன் அந்த வடத்தை ஒரு முறை பாருங்கள். வங்கிக் கணக்கை மட்டும் பொதுக் கணினியில் திறக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அப்படியும் பணம் ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்திராமல் உடனே வங்கியையோ 997 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள். இது 2022-ஆம் ஆண்டு அரசாங்கம் இதற்கென்றே ஏற்படுத்திய மையத்தின் எண்.

"தகாததைத் தடுக்கும் வடிகட்டி ஏதோ இருக்கிறதாமே, அதைப் போட்டால் போதாதா?" என்று சங்கக் கூட்டத்தில் ஓர் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. போட வேண்டியதுதான், குறிப்பாகப் பிள்ளைகள் உட்காரும் கணினியில். ஆனால் அதை முழுதாக நம்பிவிடக் கூடாது. இயந்திரத்துக்குச் சொல் தெரியும், பொருள் தெரியாது. 1996-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் ஓர் இணைய நிறுவனத்தில் பெயர் பதியப் போனபோது, அந்த வடிகட்டி அவர்கள் ஊர்ப் பெயரையே ஆபாசம் என்று தள்ளிவிட்டது. ஊர்ப் பெயரின் நடுவில் உள்ள நான்கு எழுத்து ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தையாம்! ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? இதே போல, மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் படிக்க நினைக்கும் ஒரு தாயையும் வடிகட்டி தடுத்துவிடக்கூடும்.

அமெரிக்காவில் இது வழக்காகவே நடந்தது. இணைய வசதிக்காக மத்திய அரசின் பணம் பெறும் நூலகங்கள் வடிகட்டி போட்டே ஆக வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. நூலகச் சங்கத்தார் எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2003-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. வளர்ந்த ஒருவர் கேட்டுக்கொண்டால் நூலகர் வடிகட்டியை நிறுத்திக் கொடுக்கலாம். ஆக, இயந்திரத்துக்குப் பக்கத்தில் கடைசியில் ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது.

அந்த மனிதரைப் பார்த்துப் பிள்ளை பயப்படக் கூடாது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. படத்தைக் கண்டு ஓடி வந்த பிள்ளைக்குக் கிடைத்தது என்ன? "நீ எதைத் தட்டின? ஏன் அங்க போன?" என்ற கேள்விதான். அந்தப் பிள்ளை இனி ஒரு முறை அப்படிக் கண்டால் வாய் திறக்குமா? மெதுவாகப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து போகும். தெரியாமல் நேர்ந்ததை வந்து சொல்லும் பிள்ளையை ஏசாதீர்கள். "சொன்னது நல்லதாப் போச்சு" என்று தட்டிக்கொடுத்துவிட்டு, ஊழியரிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள். வீட்டில் கைப்பேசிக்கும் இதுவே பொருந்தும்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் ஹெரிஃபோர்ட் நகரத் தேவாலயத்தில் அந்தச் சங்கிலிகளை இன்றும் காணலாம். திருட்டுக்குப் பயந்து செய்த காரியம். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதைத் தம் ஐந்து விதிகளில் முதலாவதாக வைத்து 1931-ஆம் ஆண்டில் நூல் எழுதியவர், சீர்காழியில் பிறந்த நம் தமிழர் எஸ். ஆர். இரங்கநாதன். உலக நூலகத் துறையே அவரைப் படிக்கிறது. யுனெஸ்கோவும் அனைத்துலக நூலகச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட பொது நூலக அறிக்கையும், 1994-இலும் சரி, புதுப்பித்த 2022-இலும் சரி, வயது வேறுபாடு பாராமல் எல்லாருக்கும் நூலகச் சேவை உண்டு என்கிறது. நம் பிள்ளைகள் சலுகை கேட்கவில்லை.

ஆகையால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். கோபமாக எழுதவில்லை. மூலையில் உள்ள கணினியை முன்னால் கொண்டு வரவும், எல்லாருக்கும் ஒரே நேர அளவு வைக்கவும், ஒருவர் எழுந்தவுடன் கணினியை அணைத்துப் போடவும், 'வெளியேறு' என்பதை மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் எழுதி ஒவ்வொரு திரையின் கீழும் ஒட்டவும் கேட்டிருக்கிறோம். ஒட்டும் தாளை நம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளே எழுதித் தருவார்கள். நூலகத் தலைவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "பெரியவர் ஒருவர் உடன் வந்தால் இப்போதே அனுமதிக்கிறேன், மற்றதை மேலிடத்தில் கேட்கிறேன்," என்றார். அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா?

சனிக்கிழமைகளில் முறைவைத்து இரண்டு பெற்றோர் பிள்ளைகளோடு போவது என்று சங்கம் முடிவு செய்திருக்கிறது. "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே டீச்சர்," என்று சொல்லாதீர்கள் அம்மா. உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் நேரம் முடிந்தது, யார் வெளியேறாமல் எழுந்தார்கள் என்று பார்த்தால் போதும். குழாயடியைக் கட்டி மேய்த்த உங்களுக்கு இதுவா பெரிய காரியம்?

பெயர் எழுதும் தாள் அலுவலக வாசலில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். இந்தச் சனிக்கிழமை முதல் முறைக்கு ஓர் அம்மாவின் பெயரும் அவர் பக்கத்தில் என் பெயரும் ஏற்கெனவே இருக்கின்றன. வேன் காலை ஒன்பது மணிக்குக் கோவில் முன்னால் வந்து நிற்கும். மத்தியானம் பன்னிரண்டரைக்குத் திரும்பிவிடுவோம். பிள்ளையின் அடையாளக் கார்டைக் கொடுத்தனுப்ப மறக்க வேண்டாம், உறுப்பினர் அட்டை இல்லாதவர்களுக்கு அங்கேயே எடுத்துவிடலாம்.